காட்டுத்தீ நிவாரணத்துக்குக் கொடுத்த பணம் எங்கே போனது, இனி எப்படிக் கொடுப்பது?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின்போது சிட்னி அலுவலகத் தோழர்கள் சிலரோடு சேர்ந்து ஃபேஸ்புக்கில் நடந்த பெரிய நிதி திரட்டலுக்குப் பணம் கொடுத்தீர்கள். வீடிழந்த குடும்பங்களுக்கு அது போய்ச்சேரும் என்று நம்பினீர்கள். அதில் ஒரு டாலர்கூட அவர்களுக்குப் போகவில்லை என்று அண்மையில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நாம் ஏமாற்றப்பட்டோமா, இன்னொரு தீ வந்தால் நம்மைப் போன்ற சாமானியர்கள் யாரிடம் எதைக் கொடுப்பது, பேசாமல் துணிமணியும் பாத்திரமும் வாங்கி நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வி பணத்தைப் பற்றியதாக இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது நம்பிக்கையைப் பற்றி என்று எனக்குப் படுகிறது. கொடுப்பவர் மனத்தில் நினைத்ததும் பெறும் நிறுவனம் செய்ததும் வேறு வேறாக இருந்தால் அதில் யார் தவறு என்பதே அது.

அறநிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது பல ஆண்டுகளாக என் தொழில். பேரிடர் நிதிகளின் வரவு செலவுகளையும் அவற்றின் அறக்கட்டளைப் பத்திரங்களையும் படித்துப் பழகியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன்; ஆகவே கீழே சட்டத்தைப் பற்றிச் சொல்வதை ஒரு தணிக்கையாளனின் புரிதலாக எடுத்துக்கொள்ளுங்கள். உறுதியாகச் சொல்லக்கூடியவற்றையும் என் கருத்து மட்டுமானவற்றையும் ஆங்காங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியானவை. 2019-20 கோடையில் ஆஸ்திரேலியாவில் 2.4 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. தீயில் நேரடியாக 33 பேர் இறந்தார்கள். 3,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. நியூ சவுத் வேல்ஸின் தென்கடற்கரையில் கொபார்கோ, விக்டோரியாவின் கிழக்கு மூலையில் மல்லகூட்டா, தெற்கு ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவு ஆகிய பெயர்கள் உலகெங்கும் செய்திகளில் அடிபட்டன. அந்த வேளையில், 2020 ஜனவரி தொடக்கத்தில், நகைச்சுவைக் கலைஞர் செலஸ்ட் பார்பர் தம் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு நிதி திரட்டலைத் தொடங்கினார். அவருடைய கணவரின் பெற்றோர் வாழ்ந்த ஈடன் பகுதியும் தீயின் அச்சுறுத்தலில் இருந்தது. சில பத்தாயிரம் டாலர் சேர்ந்தால் போதும் என்று தொடங்கியது, ஏறக்குறைய 13 லட்சம் பேர் கொடுத்து 5.1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போய் நின்றது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து, பத்து, ஐம்பது டாலர் கொடுத்தவர்கள்தாம் என்பது சராசரியைப் போட்டுப் பார்த்தாலே விளங்கும். தலைக்கு நாற்பது டாலர்கூட வரவில்லை.

இப்போது விஷயத்தின் கணு. ஃபேஸ்புக்கில் நிதி திரட்டுபவர், பணத்தைப் பெறும் அறநிறுவனத்தை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பார்பர் தேர்ந்தெடுத்தது நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புறத் தீயணைப்புச் சேவை மற்றும் அதன் படைப்பிரிவுகளின் நன்கொடை நிதியின் அறங்காவலரை. அந்த நிதியின் பத்திரம் 2012இல் எழுதப்பட்டது. மாநிலமெங்கும் உள்ள தன்னார்வத் தீயணைப்புப் பிரிவுகள் கருவிகளும் வசதிகளும் வாங்கிப் பராமரிக்கவும், பயிற்சி பெறவும், தங்கள் தொண்டுப் பணியோடு தொடர்புடைய நிர்வாகச் செலவுகளைச் சமாளிக்கவும் உதவுவதுதான் அதன் நோக்கம். வீடிழந்தவர், கால்நடை இழந்தவர், பிற மாநிலத்தவர், வனவிலங்குகள் என எவரும் அந்த நோக்கத்துக்குள் வரமாட்டார்கள். பணம் எதிர்பாராத அளவுக்குப் பெருகியபோது, விக்டோரியாவுக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும், இறந்தவர்களின் குடும்பங்களுக்கும், விலங்குகளுக்கும் பகிர்ந்து கொடுக்கப் பார்ப்பதாகப் பார்பர் நல்லெண்ணத்தோடு அறிவித்தார். அந்த அறிவிப்பைப் பார்த்த பின் கொடுத்தவர்கள் ஏராளம். ஆனால் அறிவித்தவர் அவர். பணம் போய்ச்சேர்ந்ததோ அவருடைய கைக்கு அல்ல. பேபாலின் அறநிதி வழியாக அது நேரே அறங்காவலர்களிடம் போனது.

அறங்காவலர்கள் செய்தது, என் பார்வையில், சரியான காரியம். தங்களுக்கு வந்திருக்கும் பணத்தை வேறு வகையில் செலவிடலாமா என்று நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்திடம் அறிவுரை கேட்டார்கள். பெயரில் உச்ச நீதிமன்றம் என்றாலும் அது மாநில அளவிலானது. நம் ஊர் உயர் நீதிமன்றத்துக்கு நிகரானது. 2020 மே 25 அன்று நீதிபதி மைக்கேல் ஸ்லாட்டரி தீர்ப்பளித்தார். பிற அறநிறுவனங்களுக்கோ, தீயால் பாதிக்கப்பட்ட மக்களுக்கோ விலங்குகளுக்கோ இந்த நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்றார். அதே வேளையில், பணியில் காயமுற்ற தீயணைப்புத் தொண்டர்களுக்கும் பணியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உதவலாம். தொண்டர்களின் உடல்நலம், மனநலம், பயிற்சி ஆகியவற்றுக்குச் செலவிடலாம் என்று பத்திரத்தின் சொற்களுக்குத் தாராளமான பொருள் கொண்டார். கொடுத்தவர்கள் சிலர் வேறு நோக்கத்தோடு கொடுத்திருக்கக்கூடும் என்பதையும் அவர் மறுக்கவில்லை. ஆனால் அறப்பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதில் ஓர் உறுதி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சட்டம் பத்திரத்தை முதன்மையாக வைக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒருவர் சொன்னது பாதி உண்மை. வீடிழந்த குடும்பம் என்ற முறையில் யாருக்கும் அந்த நிதியிலிருந்து பணம் போக வழியில்லை என்பது சரி. ஆனால் பணம் மறைந்துவிடவில்லை, யாரும் சுருட்டவுமில்லை. அந்தக் கோடையில் மாதக்கணக்கில் சம்பளமின்றித் தீயை எதிர்த்து நின்ற தொண்டர்களின் பிரிவுகளுக்காகவே அது இருக்கிறது. 'நோக்கம் பொருந்தாவிட்டால் நீதிமன்றமே மாற்றிவிடலாமே' என்று சிலர் கேட்பதுண்டு. நியூ சவுத் வேல்ஸில் 1993ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு நோக்கம் நிறைவேற்ற இயலாமலோ பொருத்தமற்றோ போனால் அதற்கு நெருங்கிய நோக்கத்துக்குப் பணத்தைத் திருப்ப வழி உண்டு. இங்கே அப்படி எதுவும் நேரவில்லை. தீயணைப்புப் பிரிவுகளுக்குத் தேவைகள் இருக்கின்றன. நிதி கூடிவிட்டது என்பது மட்டும் நோக்கம் தோற்றதாகாது. உங்களை யாரும் ஏமாற்றவில்லை என்பது என் முடிவு. உங்களுக்கும் பணத்துக்கும் இடையே நின்ற ஒரு பெயரை நீங்கள் படிக்கவில்லை. படிக்கத் தூண்டும் வகையில் அந்தப் பக்கமும் அமைக்கப்படவில்லை. இதில் தளத்துக்கும் பங்கு உண்டு என்பேன். நோக்கத்தைத் தெரிவிக்கும் ஒற்றை வரி 'கொடு' என்ற பொத்தானுக்கு மேலேயே இருந்திருந்தால் எத்தனை பேர் மனம் மாற்றியிருப்பார்கள் என்பதை யாராலும் சொல்ல முடியாது. நிறையப் பேர் அப்படியும் கொடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். அந்த வாரங்களில் தீயணைப்புத் தொண்டர்கள் மீது மக்களுக்கு இருந்த பற்று அப்படி.

வீடிழந்தவர்களுக்குப் பணம் போன வழி வேறு. ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டியது 20 கோடி டாலருக்கு மேல். வீடு அழிந்த குடும்பங்களுக்கு அது நேரே வங்கிக் கணக்கில் அவசர உதவித்தொகை அளித்தது; தொடக்கத்தில் சில ஆயிரம் டாலராக இருந்த தொகை படிப்படியாக 20,000 டாலர் வரை உயர்த்தப்பட்டது. ஆனாலும் பணம் வேகமாக இறங்கவில்லை என்று ஜனவரியிலேயே கூக்குரல் எழுந்தது. தென்கடற்கரையிலுள்ள பீகா தொகுதியின் உறுப்பினரும் அப்போதைய மாநில அமைச்சருமான ஆண்ட்ரூ கான்ஸ்டன்ஸ் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். ஆஸ்திரேலிய அறநிறுவன ஆணையம் பின்னர் செஞ்சிலுவைச் சங்கம், மேலே சொன்ன தீயணைப்பு நிதி, வனவிலங்கு மீட்பு அமைப்பான வயர்ஸ் ஆகிய மூன்றையும் ஆராய்ந்து, மூன்றும் பணத்தை முறைப்படியே கையாண்டிருக்கின்றன என்று கண்டது.

தாமதம் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் மக்களின் கோபமெல்லாம் இங்கேதான் குவிகிறது. தீ ஓர் ஊரைத் தின்றுவிட்டால் வீட்டோடு ஓட்டுநர் உரிமம், வீட்டுப் பத்திரம், மின்கட்டண ரசீது எல்லாம் போய்விடும். மின்சாரமும் கைப்பேசிச் சமிக்ஞையும் இல்லாத ஊரில் இணைய விண்ணப்பம் வெறும் கனவு. மறுபக்கம், பெரும் தொகை இருக்கிறது என்று தெரிந்ததுமே பொய் விண்ணப்பங்கள் வரத் தொடங்கிவிடும். அழிந்த வீட்டின் முகவரியைச் செய்தியில் பார்த்து விண்ணப்பிக்கும் மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். சரிபார்ப்பைத் தளர்த்தினால் பணம் வேகமாகப் போகும், கொஞ்சம் தவறான கைக்கும் போகும். இறுக்கினால் தவறு குறையும், கூடாரத்தில் இருப்பவர் காத்திருப்பார். எது சரியான அளவு என்பதில் என் துறையிலேயே ஒத்த கருத்து இல்லை. முதல் இரண்டு வாரத்துக்குச் சிறிய தொகையைத் தளர்வாகவும், பெரிய தொகையைப் பிறகு ஆவணத்தோடும் கொடுப்பதே நல்லது என்பது என் நிலைப்பாடு. எனக்கு எதிராக வாதிடுபவர்களிடமும் வலுவான காரணங்கள் உண்டு.

இனி, பொருளாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்ற உங்கள் கேள்வி. வேண்டாம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2009 பிப்ரவரி 7, 'கருப்புச் சனி' என்று அழைக்கப்படும் நாளில், விக்டோரியாவில் 173 பேர் தீக்கு இரையானார்கள்; மேரிஸ்வில், கிங்லேக் போன்ற ஊர்கள் கரிந்தன. நாடு முழுவதிலிருந்தும் மக்கள் அனுப்பிய பொருள்கள் 40,000க்கு மேற்பட்ட மரத்தட்டுச் சுமைகளாக வந்து குவிந்தன. அவற்றை வைக்க 50,000 சதுர மீட்டருக்கு மேல் கிடங்கு வேண்டியிருந்தது. அதற்கான செலவு 80 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தத் தொகையைப் பொருள் அனுப்பியவர்கள் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய துணியைத் தரம் பிரிக்க, துவைக்க, மடிக்க, ஏற்றி இறக்க ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் எல்லாரும் அந்த வாரத்தில் வேறு எங்கோ தேவைப்படுபவர்கள். இன்னொரு கேடும் உண்டு. தீக்குத் தப்பிய ஊரில் ஒரு துணிக்கடையும் ஒரு மளிகைக்கடையும் மிஞ்சியிருந்தால், அவை மறுபடியும் காலூன்ற வேண்டிய நேரத்தில் தெருவெங்கும் இலவசப் பொருள் நிறைந்து கிடக்கும். கையில் பணம் இருந்தால் வீடிழந்த அம்மா தன் பிள்ளைக்குச் சரியான அளவில் செருப்பை அந்தக் கடையிலேயே வாங்கிக்கொள்வார்.

அன்பு மிகுதியால் வரும் வெள்ளத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டு கோலாக்களின் கையுறை. 2015 ஜனவரியில், தீப்புண் பட்ட கோலாக்களின் பாதங்களுக்குப் போட பருத்தியுறை தைத்து அனுப்புங்கள் என்று ஒரு விலங்குநல அமைப்பு கேட்டது; சில நாள்களிலேயே போதும், நிறுத்துங்கள் என்று கெஞ்சும் நிலை வந்தது. 2020இலும் உலகெங்கும் பின்னல் ஊசி பிடித்த கைகள் கங்காருக் குட்டிகளுக்குப் பைகளைப் பின்னிக் குவித்தன. அதே கோடையில் போர்ட் மக்வாரியின் கோலா மருத்துவமனை, காட்டில் தண்ணீர்த் தொட்டிகள் வைக்க 25,000 டாலர் கேட்டது. வந்ததோ பல லட்சங்களில். பணமானதால் அதைப் பிடித்து வைத்துத் திட்டமிட முடிந்தது. கையுறையை அப்படிப் பிடித்து வைத்து என்ன செய்வது? பொருள்தான் கொடுப்பேன் என்பவர்களுக்கும் முறையான வழி ஒன்று உண்டு. குவீன்ஸ்லாந்தில் 2009இல் தொடங்கிய கிவிட் என்ற அமைப்பு, இன்ன ஊரில் இன்ன குடும்பத்துக்கு இன்ன பொருள் வேண்டும் என்று களப்பணியாளர்கள் பதிவு செய்வதைப் பட்டியலிடுகிறது. உங்களிடம் அந்தப் பொருள் இருந்தால் தரலாம், இல்லையேல் அதற்கான பணத்தைத் தரலாம். வைக்கோல் அனுப்ப நினைப்பவர்களும் முதலில் மாநில வேளாண்மைத் துறையிடம் கேட்பது நல்லது. வேற்று நிலத்துக் களைவிதைகள் வைக்கோலோடு போய், தீயில் வெறுமையான மண்ணில் முளைத்துவிட்டால் விவசாயிக்குப் பத்தாண்டுத் தலைவலி.

எப்போது கொடுப்பது என்பதை யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. என் அனுபவத்தில் எதற்குக் கொடுக்கிறோம் என்பதற்கு அடுத்தபடி முக்கியமானது இதுதான். செய்திகளில் புகை தெரியும் மூன்று வாரங்களில்தான் பெரும்பாலான பணம் வருகிறது. வீடு திரும்பக் கட்டுவதற்கோ இரண்டு, மூன்று, சில ஊர்களில் ஐந்தாண்டும் ஆகிறது. தீ அபாயமுள்ள இடத்தில் புதிதாகக் கட்டும் வீடு இன்றைய கட்டுமானத் தரவிதிகளுக்கு உட்பட்டாக வேண்டும். அந்த இடத்தை எந்த அளவு வெப்பமும் தீப்பொறியும் தாக்கக்கூடும் என்று மதிப்பிட்டு, அதற்கேற்பக் கண்ணாடி, கதவு, கூரை, தளம் எல்லாவற்றையும் உறுதிப்படுத்தச் சொல்கிறார்கள். மிக உயர்ந்த படிநிலையான தீப்பிழம்பு மண்டலத்தில் செலவு தாறுமாறாக ஏறும். முப்பதாண்டுக்கு முன் மரத்தால் கட்டிய வீட்டுக்கு எடுத்த காப்பீட்டுத் தொகை இந்தப் புதுச் செலவில் ஒரு பங்கைத்தான் அடைக்கும். அந்தக் குழியில்தான் குடும்பங்கள் விழுகின்றன, அதுவும் கேமராக்கள் எல்லாம் போன பிறகு. 2020இல் மார்ச் மாதமே கொரோனா முடக்கம் வந்துவிட்டதால் இந்தக் குழி இன்னும் ஆழமாயிற்று. தீப்பட்ட ஊர்களுக்குத் திரும்பி வரவிருந்த சுற்றுலாப் பயணிகளும் வரவில்லை.

2009இன் விக்டோரியா காட்டுத்தீ நிதி இந்த வகையில் படிக்கத்தக்கது. மாநில அரசும் மத்திய அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் கூட்டாகத் தொடங்கிய அந்த நிதிக்கு மக்கள் 37.9 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். மாநிலத்தின் முன்னாள் ஆளுநரும் புகழ்பெற்ற ஓட்டக்காரருமான ஜான் லேண்டி அதன் ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை வகித்தார். முதலில் அவசரத் தொகை, பிறகு வீட்டுக்கான உதவி, அதற்கும் பிறகு ஊர்ப் பொதுத் திட்டங்கள் என்று அது பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. அப்போது ஏன் எல்லாவற்றையும் உடனே கொடுக்கவில்லை என்று திட்டியவர்கள் உண்டு. கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில், மூன்றாம் ஆண்டில் கைவசம் பணம் இருந்ததுதான் அந்த நிதியின் பலம் என்று சொல்வேன். இது என் மதிப்பீடு. சாமானியர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது எளிது. நூறு டாலர் கொடுக்க எண்ணினால் ஐம்பதை இப்போதும் ஐம்பதை அடுத்த ஆண்டு அதே தேதியிலும் கொடுங்கள். அந்த இரண்டாவது ஐம்பதுக்கு, 2000இல் தொடங்கப்பட்டு ஆஸ்திரேலியச் சிற்றூர்களுக்குச் சிறு மானியங்கள் வழங்கும் கிராம, வட்டாரப் புதுப்பிப்பு அறக்கட்டளை போன்ற அமைப்புகள் பொருத்தமானவை; ஊர்க்கூடத்துக்குக் கூரை, பள்ளிக்கு நிழற்பந்தல் போன்ற, செய்தியாகாத தேவைகளைக் கவனிப்பவை அவை.

நேரடியாக ஒரு குடும்பத்துக்கு இணையத்தில் திரட்டும் நிதியைப் பற்றி. அந்தக் குடும்பத்தை உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ தெரியும் என்றால் அதைவிட வேகமான வழி வேறில்லை, தயங்காமல் கொடுங்கள். தெரியாது என்றால், உண்மை என்று உறுதிப்படுத்த உங்களிடம் எந்தக் கருவியும் இல்லை. 2020 ஜனவரியில் நுகர்வோர் ஆணையம் காட்டுத்தீ மோசடிகளைப் பற்றிப் புகார் செய்வதற்கென்றே தனித் தொலைபேசி எண் திறக்க வேண்டி வந்தது என்பதிலிருந்து நிலைமையை ஊகிக்கலாம். நியாயம் பற்றிய ஒரு சங்கடமும் உண்டு. நன்றாக எழுதத் தெரிந்த, நல்ல புகைப்படம் வைத்திருக்கிற, நண்பர் வட்டம் பெரிதான குடும்பத்துக்குப் பணம் குவியும். பக்கத்து நிலத்தில் தனியாக வாழ்ந்த, இணையம் பழகாத முதியவருக்கு எதுவும் வராது. பொது நிதி மெதுவானது, சலிப்பூட்டுவது. ஆனால் அந்த முதியவரையும் அதன் பட்டியல் தேடிப் போகும்.

பாத்திரமறிந்து பிச்சையிடு என்று நம்மவர்கள் பெறுபவரைப் பார்த்துச் சொன்னார்கள். பேரிடர் நிதியில் பார்க்க வேண்டியது நடுவில் நிற்கும் பாத்திரத்தை. அறநிறுவன ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பதிவுபெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் பொதுவாக அதன் விதிமுறை ஆவணமும் ஆண்டறிக்கையும், பெரிய நிறுவனமானால் தணிக்கைக் கணக்கும் இலவசமாகக் கிடைக்கும். கணக்கைப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆவணத்தில் 'நோக்கம்' என்ற பத்தியை மட்டும் படியுங்கள். நீங்கள் மனத்தில் நினைக்கும் மனிதர் அந்தப் பத்திக்குள் இருக்கிறாரா என்று பாருங்கள். நிர்வாகச் செலவு விழுக்காட்டை மட்டும் வைத்து நிறுவனத்தை எடைபோடுவது பரவலான பழக்கம். அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. விண்ணப்பங்களைச் சரிபார்க்க ஆள் வைப்பதும் நிர்வாகச் செலவுதான், அந்த ஆள் இல்லாமல்தான் பணம் தவறிப் போகும். எதுவுமே செலவில்லை என்று மார்தட்டும் நிறுவனத்தைப் பார்த்தால் எனக்கு ஐயம் கூடுகிறது.

உங்களைப் போல அலுவலகத்திலோ தமிழ்ச் சங்கத்திலோ கூட்டாகப் பணம் திரட்டுபவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். நிதி திரட்டுவதற்கான சட்டம் ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. அதை ஒன்றாக்க வேண்டும் என்று 2019-20 தீக்குப் பின் அமைந்த தேசியப் பேரிடர் ஏற்பாடுகள் பற்றிய அரச ஆணையமே பரிந்துரைத்தது. ஆகவே சொந்த வங்கிக் கணக்கில் வாங்கிப் பிறகு அனுப்பலாம் என்று இறங்காதீர்கள். பதிவுபெற்ற நிறுவனத்தின் பக்கத்துக்கே எல்லாரையும் அனுப்பிவிடுவது உங்களுக்கும் பாதுகாப்பு. அறிவிப்பில் இரண்டே வரி எழுதுங்கள்: பணம் இன்ன நிறுவனத்துக்கு, இன்ன நோக்கத்துக்குப் போகும், தேவைக்கு மேல் சேர்ந்தால் இன்னதற்குப் போகும். இந்த இரண்டாவது வரி, 2020இல் எவ்வளவு மனக்கசப்பைத் தவிர்த்திருக்கும்! வரிச்சலுகை வேண்டுமானால், விலக்குப் பெறத் தகுதியுள்ள நிறுவனத்துக்கு 2 டாலருக்குக் குறையாமல் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பதிவுபெற்ற அறநிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அந்தத் தகுதி கிடையாது. பேரிடருக்காக அங்கீகாரம் பெற்ற அமைப்பு வாளி ஏந்தி வசூலிக்கும்போது போட்ட சில்லறைக்கு மட்டும் ரசீதின்றி 10 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். தனிக் குடும்பத்துக்குக் கொடுத்ததற்கு வரிச்சலுகை எதுவும் இல்லை.

பணம் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கும் இடம் இருக்கிறது. 2009 தீக்குப் பின் கில்மோர் ஈஸ்ட்டில் ஒரு விவசாயத் தம்பதி தங்கள் வேலியைத் தன்னார்வலர்கள் துணையோடு சீரமைத்ததிலிருந்து பிளேஸ்எய்ட் என்ற அமைப்பு பிறந்தது. தீயில் வேலியிழந்த பண்ணைகளில் கம்பி கட்டிக் கொடுக்க அது இன்றும் ஆள் திரட்டுகிறது. 2020இல் சீக்கியத் தன்னார்வலர்கள் கிப்ஸ்லாந்தின் பெய்ர்ன்ஸ்டேலில் முகாமிட்டு, வெளியேற்றப்பட்டவர்களுக்குச் சூடான சோறும் குழம்பும் சமைத்துப் போட்டார்கள். அது தானாக வண்டி கட்டிக்கொண்டு போனவர்களின் வேலை அல்ல. ஆண்டுக்கணக்கில் நடமாடும் சமையற்கூடம் நடத்திப் பழகியவர்கள், உள்ளூர் நிர்வாகத்தோடு பேசிவிட்டுச் செய்தது. இவை எதுவும் முடியாதவர்கள், தீ அணைந்து சாலை திறந்த பின் அந்த ஊருக்கு ஒரு வார இறுதியில் போய்த் தங்கி, அங்கே உள்ள கடையில் சாப்பிட்டு, பெட்ரோல் போட்டுக்கொண்டு வரலாம். காலிக் குளிர்பெட்டியோடு வந்து உள்ளூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று அந்தக் கோடையில் ஓர் இயக்கமே நடந்தது. நிவாரணம் என்று யாரும் அதைக் கணக்கில் எழுதமாட்டார்கள், ஆனால் கடைக்காரரின் கல்லாவில் அது தெரியும்.

கடைசியாக, நீங்கள் அன்று கொடுத்த பணம். அதைத் திரும்பக் கேட்க வழியில்லை, நன்கொடை கொடுத்த கணமே உங்கள் உரிமை முடிந்துவிட்டது. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை முடியவில்லை. அந்த நன்கொடை நிதியின் ஆண்டறிக்கைகள் மேலே சொன்ன பதிவேட்டில் ஆண்டுவாரியாக இருக்கின்றன. எவ்வளவு மிச்சம், எந்தப் பிரிவுகளுக்கு எதற்காகப் போயிற்று என்பதைத் தோழர்களோடு உட்கார்ந்து ஒரு மாலையில் படித்துவிடலாம். புரியாத வரி ஏதேனும் இருந்தால் அந்த வரியையும் ஆண்டையும் இங்கே குறிப்பிடுங்கள், எனக்குத் தெரிந்த அளவில் விளக்குகிறேன்.